மின்பேருந்து டிப்போவில் சார்ஜ் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் கிளம்பின. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து இன்னும் 135. அன்றிலிருந்து பேருந்து சார்ஜிங் பக்கம் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களை யார் பார்த்தாலும் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட விடுவதில்லை. டீசல் டிப்போவிலிருந்து மாற்றலாகி வரும் நண்பர்கள் கேட்பது ஒரு வகை, பயணிகள் கேட்பது வேறு வகை. இரண்டையும் கலந்தே எழுதுகிறேன். நான் எந்த டிப்போவில் இருந்தேன் என்று சொல்லப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை.

100 பேருந்து என்றால் 100 சார்ஜர் வேண்டுமா?

வேண்டாம். ஆனால் "அப்ப எத்தனை?" என்று உடனே எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், அங்கேதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, வண்டி எத்தனை மணி நேரம் டிப்போவில் சும்மா நிற்கிறது என்பதுதான்.

கையில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஏசி, நெரிசல், டிரைவரின் கால் எல்லாம் சேர்ந்து இதை மாற்றும், இது கணக்குக்காக மட்டும்). ஆக வண்டிக்கு 240 யூனிட். கடைசி வண்டிகள் ராத்திரி 11 மணிவாக்கில் உள்ளே வருகின்றன, முதல் வண்டி காலை 4:30-க்குக் கிளம்ப வேண்டும். கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம்.

120 கிலோவாட் தரும் ஒரு கன்னில் (கேபிள் முனையில் இருக்கும், வண்டியில் மாட்டும் பிளக்) 240 யூனிட் ஏற இரண்டு மணி நேரம், கடைசியில் வேகம் குறைவதையும் சேர்த்தால் இரண்டரை. அப்படியென்றால் ஒரு கன் இரவில் இரண்டு வண்டியைப் பார்க்கும். 100 வண்டிக்கு 50 கன், அதாவது இரட்டை கன் உள்ள 240 கிலோவாட் சார்ஜர் 25. மொத்தம் 6,000 கிலோவாட்.

இன்னொரு வழி, வண்டிக்கு ஒரு கன், ஆனால் ஒவ்வொன்றும் 60 கிலோவாட்தான். நாலு, நாலரை மணி நேரத்தில் ஏறிவிடும். 100 கன், மொத்தம் அதே 6,000 கிலோவாட்!

சார்ஜருக்குள் இருக்கும் மின்னணுச் சரக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், முதல் வழியில் நடு ராத்திரி ஒன்றரை மணிக்கு 50 வண்டியைக் கழற்றி, நகர்த்தி, அடுத்த 50-ஐக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். அதற்கு ஷண்டிங் டிரைவர் வேண்டும், வண்டி திரும்ப இடம் வேண்டும், இருட்டில் கண்ணாடி உடையும், பம்பர் இடிக்கும். இரண்டாவது வழியில் கேபிளும் கன்னும் கூடுதல், ஆனால் மாட்டினால் மாட்டியதுதான், விடியும் வரை யாரும் தொட வேண்டாம். இடம் இருக்கும் டிப்போ என்றால் நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன், கூடவே பகலில் அவசரத்துக்கு நாலைந்து வேகமான கன். டெண்டர் போடுகிறவர்கள் சார்ஜர் எண்ணிக்கையில் மிச்சம் பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுவார்கள், அந்த மிச்சம் முழுக்க ஷண்டிங் சம்பளத்திலும் ஒட்டுப்போட்ட பம்பரிலும் கரைந்துபோகும்.

எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் மாட்டி ஆன் செய்துவிட்டுப் படுத்துவிட்டால் என்ன?

மாட்டலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மேலே சொன்ன 100 வண்டிக்கு மொத்தம் 24,000 யூனிட். ஐந்தரை மணி நேரத்தில் சமமாகப் பிரித்து ஏற்றினால் சுமார் 4,400 கிலோவாட் போதும். அதையே எல்லா வண்டிக்கும் 120 கிலோவாட் என்று திறந்துவிட்டால் 12,000 கிலோவாட். ஏறும் மின்சாரம் அதேதான், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், பேனல், மின்வாரியத்திடம் வாங்க வேண்டிய அனுமதிச் சுமை எல்லாமே ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் சார்ஜருக்குள் சூடாகப் போகும் நஷ்டத்தை நான் சேர்க்கவே இல்லை, அது நூற்றுக்கு ஐந்தாறு பங்கு தனி.

இன்னொன்றும் இருக்கிறது. 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் ஒரு அளவுக்கு மேல் சுமை தர மாட்டார்கள், 33 கே.வி.க்குப் போகச் சொல்வார்கள். அதற்குத் தனி இடம், தனி சாமான், சாலையைத் தோண்டிக் கேபிள் போட மாநகராட்சி, நெடுஞ்சாலை என்று வரிசையாக அனுமதி. பேருந்து வந்து நின்றுவிடும், கரண்ட் வந்திருக்காது. புதிதாக டிப்போ மாற்றும் யார் கேட்டாலும் நான் சொல்வது, வண்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மின்வாரியத்துக்கு விண்ணப்பம் போய்விட வேண்டும் என்பதுதான்.

உயரழுத்த இணைப்பின் மீட்டர் 15 அல்லது 30 நிமிடச் சராசரியாக உச்ச டிமாண்டை, அதாவது டிப்போ இழுத்த அதிகபட்ச சுமையை, பதிவு செய்யும். மாதம் முழுக்க ஒழுங்காக இருந்து ஒரே ஒரு நாள் அரை மணி நேரம் கை நழுவினால், டிமாண்ட் கட்டணம் உள்ள இணைப்பில் அந்த அரை மணி நேரமே மாதத்துக்கான எண்ணாகிவிடும். அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தால் அபராத விகிதம் வேறு.

ராத்திரி கரண்ட் சும்மாதானே கிடக்கும், விலையும் குறைவுதானே?

பழைய கணக்கு. ஃபேக்டரிகளுக்கு ராத்திரி சலுகை கிடைத்த காலத்தின் நினைப்பு இது. இப்போது பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, அதனால் காற்று திரும்பிவிட்டது. மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட சார்ஜிங் வழிகாட்டுதலின்படி காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டைக் கொண்டுவந்து தர மின்வாரியத்துக்குச் சராசரியாக ஆகும் செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. அதாவது நள்ளிரவு யூனிட், மதிய யூனிட்டைப் போல ஏறக்குறைய 1.9 மடங்கு. உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும் என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணையில்தான் பார்க்க வேண்டும், வழிகாட்டுதலை மட்டும் வைத்துக்கொண்டு மின்வாரியத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் போகிற திசை இதுதான்.

இதில் பேருந்துக்காரனுக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆபீஸ் கூட்டம் காலை பத்தரையோடு ஓய்ந்துவிடும், மறுபடி நாலு மணிக்கு மேல்தான். இடையில் கொஞ்சம் வண்டிகளைக் குறைத்து ஓட்டுவது எப்போதும் இருக்கும் வழக்கம். அந்த இடைவெளி அப்படியே மலிவு நேரத்துக்குள் விழுகிறது. தேவையில் 30 சதவீதத்தை மதியமே ஏற்றிவிட்டால் ராத்திரிக்கு 24,000-க்குப் பதில் 16,800 யூனிட், சராசரி 3,000 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். பில்லும் குறையும், டிரான்ஸ்ஃபார்மரும் மூச்சுவிடும்.

அப்புறம் ஏன் எல்லாரும் செய்வதில்லை? வண்டி டிப்போவுக்கு வந்து போவது காலி ஓட்டம். டெர்மினஸ் டிப்போவிலிருந்து எட்டு கிலோமீட்டர் என்றால் போக வர 16 கிலோமீட்டர், ஏற்றின மின்சாரத்தில் 19 யூனிட் அதற்கே போய்விடும். கூடவே டிரைவர், கண்டக்டர் ஷிஃப்ட் மாறும் இடமும் நேரமும் இதற்கு ஒத்துவர வேண்டும். டைம் டேபிள் போடுகிறவரும் சார்ஜிங் பார்க்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். பல இடங்களில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது.

240 கிலோவாட் சார்ஜர் என்று எழுதியிருக்கிறது. திரையில் 90-தான் காட்டுகிறது. ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை. 240 என்பது பெட்டியின் மொத்த அளவு, இரண்டு கன்னிலும் வண்டி இருந்தால் ஆளுக்கு 120. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது சார்ஜர் அல்ல, வண்டிதான். பேட்டரியைக் கவனிக்கும் கணினி "இப்போது இவ்வளவு கொடு" என்று கேட்கும், சார்ஜர் அதற்கு மேல் கொடுக்காது. பேட்டரி சூடாக இருந்தால் குறைத்துக் கேட்கும். 80 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் குறைக்கும். கடைசி 10 சதவீதம் ஆமை வேகம். தியேட்டரில் கடைசி நாலு பேருக்கு சீட் தேடிக் கொடுக்க ஆகும் நேரம் மாதிரி.

திரையில் பச்சை விளக்கு எரிந்தால் சார்ஜர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இல்லை. பச்சை விளக்கு சொல்வது "நான் உயிரோடு இருக்கிறேன்" என்பதை மட்டும். பெரிய சார்ஜருக்குள் ஒரே ஒரு பெரிய இயந்திரம் இல்லை, 30 கிலோவாட், 40 கிலோவாட் என்று சின்னச் சின்ன மாட்யூல்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். எட்டு மாட்யூலில் இரண்டு செத்துப்போனாலும் மீதி ஆறை வைத்துக்கொண்டு அது சமர்த்தாக வேலை செய்யும். விளக்கு பச்சை, ரிப்போர்ட்டில் "இயக்கத்தில் உள்ளது", ஒப்பந்தக்காரரின் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆனால் 240 கிலோவாட் பெட்டி 180-தான் தருகிறது. இப்படி ஐந்து பெட்டி இருந்தால் விடியற்காலை நாலு மணிக்கு எட்டு வண்டி 70 சதவீதத்தில் நிற்கும், காரணம் யாருக்கும் புரியாது, பழி ராத்திரி ஷிஃப்ட் பையன் தலையில்.

அதனால் விளக்கைப் பார்க்காதீர்கள், கிலோவாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கன்னும், வண்டி 30-லிருந்து 60 சதவீதம் ஏறும்போது அதிகபட்சம் எத்தனை கிலோவாட் தந்தது என்று வாரம் ஒரு முறை பட்டியல் எடுங்கள். எந்தப் பெட்டி போன மாதத்தைவிட இளைத்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். அடுத்த ஒப்பந்தத்தில் "சார்ஜர் இயங்குகிறது" என்பதன் இலக்கணத்தையே மாற்றி, குறிப்பிட்ட கிலோவாட் தந்தால்தான் இயங்குவதாக அர்த்தம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு வரிதான், ஆனால் அதற்கு எத்தனை மறுப்பு வரும் என்று பாருங்கள்.

ராத்திரி ஷிஃப்டில் அப்படி என்ன வேலை? மாட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே?

சரி, என் கதையைச் சொல்கிறேன். டிப்போ பெயர் வேண்டாம். இந்த வேலைக்கு நான் வந்த புதிது. பதினொன்றரைக்கு எல்லா வண்டிக்கும் கன் மாட்டியாயிற்று, திரையில் எல்லாம் ஓடுகிறது, கேன்டீனில் டீ குடித்துவிட்டு ஒரு சுற்று நடந்து வந்தேன். மூன்று மணிக்கு ஒரு வண்டி "முடிந்தது" என்று காட்டியது. நல்லது என்று விட்டுவிட்டேன். நாலே காலுக்கு டிரைவர் ஏறிப் பார்த்துவிட்டுக் கத்துகிறார், "சார், 62-தான் இருக்கு, இதை வெச்சுக்கிட்டு நான் ரெண்டு டிரிப்கூட முடிக்க முடியாது!"

நடந்தது இதுதான். கன் முழுதாக உள்ளே போய்ப் பூட்டு விழவில்லை. கேபிளின் கனம் இழுத்து, நள்ளிரவில் எப்போதோ சமிக்ஞை முள் (வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் சின்ன முள்) ஒரு நொடி விட்டுப்போய், சார்ஜர் பத்திரமாக நிறுத்திக்கொண்டது. அந்த மென்பொருளுக்கு "முழுதாக ஏறி நின்றது", "பாதியில் நின்றது" இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் "முடிந்தது" என்றே போடும். அன்றைக்கு அந்த வண்டியை நீளமான ரூட்டிலிருந்து எடுத்துக் குட்டி ரூட்டுக்குப் போட்டு, அந்த ரூட்டின் வண்டியை இதற்கு மாற்றி, இரண்டு கண்டக்டர்களிடமும் பாட்டு வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கு மூன்று சுற்று. மாட்டிய பத்தாவது நிமிடம் ஒரு சுற்று, ஏனென்றால் தொடக்கக் கோளாறுகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று, அப்போது திரையில் "முடிந்தது" என்பதைப் பார்க்க மாட்டேன், சதவீதத்தைத்தான் பார்ப்பேன். மூன்றேகாலுக்குக் கடைசிச் சுற்று. அப்போது ஒரு வண்டி பின்தங்கி இருந்தால்கூட வேகமான கன்னுக்கு மாற்றி ஒரு மணி நேரத்தில் 100 யூனிட்டுக்கு மேல் ஏற்ற முடியும். நாலு மணிக்குப் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வரிசையும் முக்கியம். டீசல் காலத்தில் வந்த வண்டியை வந்த இடத்தில் போடலாம், பங்க்கில் ஐந்து நிமிடத்தில் நிரப்பியாகிவிடும். இங்கே 4:30 வண்டிக்கு முன்னால் 6:10 வண்டியை நிறுத்தினால், 4:30 வண்டி முழுதாக ஏறியிருந்தாலும் வெளியே வர முடியாது. வரும்போதே காலையில் போகும் வரிசைப்படி லேன் கொடுக்க வேண்டும். கேட்டில் நிற்கும் ஆள் கையில் அந்தப் பட்டியல் இல்லையென்றால் உலகத்தின் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

18 சதவீதம் இருக்கிறது. இன்னும் ஒரு டிரிப் போகலாமா?

டிரைவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டுக் கேட்பது. திரையில் காட்டும் மீதிக் கிலோமீட்டரை நம்பி "போங்கண்ணே" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்த எண் கடந்த சில கிலோமீட்டர் எப்படி ஓடியதோ அதை வைத்துச் சொல்வது. மழை பெய்து, ஏசி முழு வேகத்தில், பாலத்தின் மேல் ஒரு மணி நேரம் நின்றால் அது சட்டென்று இறங்கும். 20-க்குக் கீழே புதிய டிரிப் தொடங்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள், அன்றன்றைக்கு வாதம் வேண்டாம். நடுவழியில் நின்ற மின்பேருந்தை டீசல் வண்டி மாதிரி ஒரு கேன் ஊற்றிக் கிளப்ப முடியாது, இழுவை வண்டிதான் வர வேண்டும்.

தினமும் 100 சதவீதம் ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடாதா?

பேட்டரி வகையைப் பொறுத்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் மின்னழுத்தக் கோடு நடுவில் தட்டையாக இருக்கும், அதனால் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று கணினிக்கே குழப்பம் வரும். அவ்வப்போது 100 வரை ஏற்றி, செல்கள் சமப்பட நேரம் விட்டால்தான் எண் சரியாகும். நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகை என்றால் எப்போதும் உச்சியில் வைத்திருப்பது ஆயுளைத் தின்னும். கையேட்டில் இருக்கும். அதைப் பூட்டி வைத்திருக்கும் பீரோவின் சாவியை முதலில் வாங்குங்கள்.

சார்ஜிங் மென்பொருள் கட்டாயமா? எக்செல்லில் பார்த்துக்கொள்ள முடியாதா?

20 வண்டி வரை முடியும், நான் செய்திருக்கிறேன். அதற்கு மேல் யாருக்கு எப்போது எவ்வளவு கிலோவாட் என்று நிமிடத்துக்கு நிமிடம் பிரித்துக் கொடுக்க மனுஷனால் முடியாது.

வாங்கும்போது இரண்டு விஷயம் போதும். ஒன்று, சார்ஜர் ஓசிபிபி (OCPP) என்ற பொது மொழியில் மென்பொருளோடு பேச வேண்டும். 1.6 பதிப்பு 2015-லும் 2.0.1 பதிப்பு 2020-லும் வந்தவை. இது இல்லாமல் சார்ஜர் நிறுவனத்தின் சொந்த மொழியில் மாட்டிக்கொண்டால், நாளை வேறு நிறுவனத்தின் சார்ஜரைச் சேர்க்க வழியில்லாமல் இரண்டு கணினி, இரண்டு திரை, இரண்டு பாஸ்வேர்ட். இரண்டாவது, இணையம் அறுந்தால் என்ன ஆகும் என்று கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். சிம் கார்டைப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல சார்ஜர், தன்னிடம் ஏற்கெனவே எழுதி வைத்த அளவுக்கு இறங்கி வேலையைத் தொடரும். சில, கட்டளை வரவில்லை என்று நின்றுவிடும். இன்னும் சில, கட்டளை வரவில்லையா, அப்படியென்றால் முழு வேகம் என்று ஓடி, மெயின் பிரேக்கரையே தட்டிவிடும். மூன்றாவது வகைதான் ஆபத்து.

கரண்ட் போய்விட்டால்?

ஜெனரேட்டர் என்று சொல்லாதீர்கள். 4,000 கிலோவாட்டுக்கு ஜெனரேட்டர் வைத்தால் அது டிப்போ அல்ல, மின்நிலையம். நடைமுறையில் இரண்டு வேறு துணைமின் நிலையங்களிலிருந்து இரண்டு ஃபீடர் (தனித்தனி மின்பாதை) வாங்குவதுதான் வழி, கிடைத்தால். கிடைக்காத இடத்தில் ஒரு முன்னுரிமைப் பட்டியல் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கரண்ட் திரும்பியதும் முதலில் எந்த 30 வண்டி, அடுத்து எவை, எந்த ரூட்டில் டிரிப்பைக் குறைக்கலாம் என்று பகலிலேயே, தூக்கம் கண்ணைக் கட்டாத நேரத்தில், முடிவு செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் சோதித்துப் பார்க்காதது. கரண்ட் வந்ததும் சார்ஜர் தானாகத் தொடருமா, இல்லை கன்னைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டுமா? இரண்டாவது என்றால் 100 வண்டிக்கும் ஆள் நடக்க வேண்டும், ராத்திரியில் இருப்பது மூன்று பேர்.

சார்ஜர் கெட்டால் யாரைக் கேட்பது? போக்குவரத்துக் கழகத்தையா, தனியார் நிறுவனத்தையா?

இப்போது பெரும்பாலான நகரங்களில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் தரும் மொத்தச் செலவு ஒப்பந்த முறை. சென்னையிலும் அதுதான். வண்டி, டிரைவர், பராமரிப்பு, சார்ஜிங் எல்லாம் தனியார் நிறுவனத்துடையது, கண்டக்டரும் டிக்கெட் காசும் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது, இடம் கழகத்தின் டிப்போ. காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. காலை நாலு மணிக்குத் தெளிவாக இருக்காது. வண்டி ஏறவில்லை என்றால் சார்ஜர்காரர் வண்டியைக் காட்டுவார், வண்டிக்காரர் மின்னழுத்தத்தைக் காட்டுவார், மின்வாரியத்துக்காரர் "எங்கள் மீட்டர் வரை சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

இதற்கு ஒரே மருந்து பதிவு. ஒவ்வொரு முறை சார்ஜ் நிற்கும்போதும் அதை நிறுத்தியது யார், வண்டியா, சார்ஜரா, கரண்டா என்பதற்குப் பிழை எண் இருக்கிறது. அந்தப் பதிவு கழகத்தின் கைக்கும் நேரடியாக வர வேண்டும், நிறுவனம் தொகுத்துத் தரும் அழகான மாத அறிக்கையாக மட்டும் வரக் கூடாது. மின்சாரக் கட்டணம் யார் தலையில் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். கழகம் கட்டுவதாக இருந்தால் கிலோமீட்டருக்கு அதிகபட்சம் எத்தனை யூனிட் என்று வரம்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டயரில் காற்று குறைவாக வைத்து ஓட்டுவதற்குக்கூட நாம்தான் காசு கட்டுவோம்.

மழையில் கன் மாட்டினால் ஷாக் அடிக்குமா?

கன்னின் பெரிய முள்களில் மின்சாரம் எப்போதும் காத்திருப்பதில்லை. மாட்டிப் பூட்டிய பிறகு, வண்டியும் சார்ஜரும் பேசிக்கொண்டு, மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மின்னழுத்தம் வரும். முள்ளில் தண்ணீர் இருந்தால் அந்தச் சோதனையில் தோற்று நின்றுவிடும். அதனால் மழைக்காலத்தில் நடப்பது ஷாக் அல்ல, "ஏறமாட்டேன்" என்று அடம்பிடிப்பது. கன்னைத் தரையில் போடாமல் அதன் கொக்கியில் மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தரையில் கிடந்து மேலே சக்கரம் ஏறிய கன்னை மட்டும் யார் சொன்னாலும் மறுபடி மாட்டாதீர்கள், வெளியே கீறல் இல்லையென்றாலும்.

சென்னையில் உண்மையான பயம் மேலிருந்து வரும் மழை அல்ல, கீழிருந்து ஏறும் வெள்ளம். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று காட்டியிருக்கின்றன. சார்ஜர் மேடையின் உயரத்தை அந்த அளவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேபிள் போகும் கால்வாயில் தண்ணீர் தேங்கினால் வெளியேற்ற மோட்டார் இருக்கிறதா, அந்த மோட்டாரின் கரண்ட் வேறு இணைப்பிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள்.

வெயில்?

சார்ஜரின் தூசி வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். டிப்போ மண்ணும் பிரேக் தூசியும் சேர்ந்து அடைத்தால் உள்ளே சூடேறி, மே மாத மதியத்தில் சார்ஜர் தானாக வேகத்தைக் குறைக்கும். மேலே ஒரு கூரை இருந்தால் நல்லது, அதன் மேல் சோலார் தகடும் போடலாம். ஆனால் அது மொத்தத் தேவையில் சின்னத் துண்டுதான், திறப்பு விழாப் பேச்சில் சொல்லும் அளவுக்கு இல்லை.

தீப்பிடித்தால் டிப்போ முழுக்க எரிந்துவிடும் என்கிறார்களே?

பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2021 செப்டம்பர் 30 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர டிப்போவில் 25 பேருந்துகள் எரிந்தன. சார்ஜில் இருந்த ஒரு மின்பேருந்தின் கோளாறுதான் தொடக்கம் என்று விசாரணையில் வந்தது. எரிந்ததில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள் என்பதைக் கவனியுங்கள். தீ ஒரு வண்டியில் தொடங்கியது, அத்தனையும் போனதற்குக் காரணம் நெருக்கமாக நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாரிஸில் இரண்டு மின்பேருந்துகள் எரிந்ததும் அதே வகை வண்டிகள் 149-ஐ சாலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் வண்டிகளைக் கண்ணாடியோடு கண்ணாடி உரசும்படி நிறுத்தித்தான் பழக்கம். மின்பேருந்து வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விடுவது, சில வரிசைக்கு ஒரு தடுப்புச் சுவர், தரைக்குச் சற்று மேலே எளிதில் எட்டும் அவசர நிறுத்தப் பொத்தான், நிறையத் தண்ணீர், இவையெல்லாம் வேண்டும். பேட்டரித் தீயைக் குளிர வைக்கத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். அணைந்த பிறகும் மறுபடி பிடிக்கும், அதனால் எரிந்த வண்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி நிறுத்தத் தனி இடம் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். விபத்தில் அடிப்பகுதி இடித்த வண்டியை "ஓடுகிறதே" என்று நேராகச் சார்ஜில் போடாதீர்கள்.

பேட்டரியை மாற்றிக்கொண்டால் இவ்வளவு தொல்லை வேண்டாமே?

அகமதாபாத்தில் 2019-ல் அப்படி ஓட்டினார்கள். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் வண்டிக்குப் பொருந்தாத வரை இது ஒரு ரூட்டுக்கு நல்ல யோசனை, ஊருக்கு அல்ல.

பகலில் காலியாக இருக்கும் சார்ஜரில் என் காரை ஏற்றிக்கொள்ளலாமா?

டிப்போவுக்குள் வேண்டாம், பின்னோக்கி வரும் பேருந்துக்கு உங்கள் கார் தெரியாது. சாலைப் பக்கம் தனி வாசல், தனி மீட்டர் வைத்து ஓரத்தில் நாலு கன் போட்டால் கழகத்துக்கும் வருமானம். ஆனால் அது அனுமதித்த சுமையிலிருந்துதான் போக வேண்டும் என்பதால், மாலை ஐந்து மணிக்கு உங்கள் காரா, 27 நம்பர் பேருந்தா என்று வந்தால் எனக்குப் பேருந்துதான்.

டிப்போவுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். மின்பேருந்து சத்தம் போடாது என்றார்கள், ராத்திரி முழுக்க ஊளையிடுகிறதே?

வண்டி அல்ல, சார்ஜரின் குளிர்விக்கும் விசிறி. வேகமாக ஏற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். ஒரே பெட்டியைப் பிழியாமல், எல்லாப் பெட்டியும் பாதி வேகத்தில் ஓடும்படி வைத்தால் பெருமளவு அடங்கும். டிப்போ மேனேஜரிடம் மனு கொடுங்கள், "விசிறி", "சுற்றுச்சுவர் ஓரப் பெட்டிகள்" என்று குறிப்பிட்டே எழுதுங்கள். வெறுமனே "சத்தம்" என்று எழுதினால் ஹாரன் அடிக்கக் கூடாதென்று டிரைவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வரும், அவ்வளவுதான்.